மவுஸும் மணிக்கட்டும்

கணினியின் முன் நெடுநேரம் அமர்ந்தால் கண் கெடும் என்பார்கள். முதுகு வலிக்கும் என்பார்கள். மணிக்கட்டைப் பற்றிப் பேசுவார் அரியர். சென்ற ஆண்டுவரை நானும் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. வளையல் போடும் இடம் என்ற அளவில்தான் எனக்கு அதைத் தெரியும். இன்று அந்த இரண்டு அங்குல இடத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதத் துணிந்துவிட்டேன். விலங்கியல் இரண்டாமாண்டு மாணவி கணினியைப் பற்றி எழுதுவானேன் என்று கணினி அறிவியல் துறைத் தோழியர் கேட்கலாம். கட்டுரையில் பாதி எலும்பும் நரம்பும்தான். ஆகவே பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். தேர்வுக் கட்டணத்தையும் கைச்செலவையும் நானே பார்த்துக்கொள்வது என்று முதலாமாண்டிலேயே முடிவு செய்து, வகுப்பு முடிந்தபின் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மாலை ஏழரை வரை வேலை. தேர்வு விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று என்று வருபவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பித் தரவேண்டும். அவர்கள் கொண்டுவரும் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்கு வெட்டி, கேட்ட கிலோபைட்டுக்குச் சுருக்கி ஏற்றவேண்டும். இந்த வெட்டும் வேலை இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையின் வில்லன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி வாரம். வாசல்வரை கூட்டம். அந்த வாரத்தின் முடிவில் வலது மணிக்கட்டின் மேற்புறத்தில் ஒரு வலி தொடங்கியது. முதலில் வேலை முடிந்தபின் மட்டும் இருந்தது. பிறகு குடத்தைத் தூக்கும்போது வந்தது. பிறகு செய்முறைப் பதிவேட்டில் படம் வரையும்போதும் வந்தது. மண்புழுவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து முடிக்க மூன்று முறை பென்சிலைக் கீழே வைத்தேன். வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. கை போனால் மாலை வேலை போய்விடும். மாலை வேலை போனால் அடுத்த பருவக் கட்டணத்துக்கு அம்மாவின் பீடித்தட்டைத்தான் பார்க்கவேண்டும்.

அப்பொழுதுதான் 'எர்கோனாமிக் மவுஸ்' என்ற ஒன்று இருப்பதை அறிந்தேன். மவுஸுக்குச் 'சுட்டி' என்று நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஊர்க் கடைவீதியில் சுட்டி வேண்டும் என்று கேட்டால் நெற்றிச்சுட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்; ஆதலால் இக்கட்டுரையில் மவுஸ் என்றே எழுதுகிறேன். இரண்டு மாதம் காசு சேர்த்து, எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கினேன். பார்ப்பதற்குச் சுறாவின் முதுகுத் துடுப்பைப் போல நிமிர்ந்து நிற்கும். கைகுலுக்குவது போல அதைப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். முதல் வாரம் மணிக்கட்டுக்குச் சுகமாக இருந்தது. இரண்டாம் வாரம் தோள் வலித்தது. மூன்றாம் வாரம் பெருவிரலின் அடியும் வலித்தது. எண்ணூறு ரூபாய் கொடுத்து வலியை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றியிருக்கிறேன் என்பது புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடத் தொடங்கினேன்.

மணிக்கட்டின் உள்ளே

நம் துறையில் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கும் எலும்புக்கூட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் மணிக்கட்டை ஒருமுறை நின்று பாருங்கள். கூழாங்கற்களைப் போன்ற எட்டுச் சிறு எலும்புகள், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசைகளில் இருக்கும். அவை சமதளமாக அமையாமல், உள்ளங்கைப் பக்கம் குழிந்த ஒரு வாய்க்காலைப் போல அமைந்திருக்கின்றன. உயிருள்ள கையில் அந்த வாய்க்காலின் மேல் ஒரு தடித்த தசைநார்ப் பட்டை மூடியாகப் படுத்திருக்கும். எலும்பு அடியிலும் பட்டை மேலுமாக உண்டாகும் சுரங்கத்துக்குத்தான் கார்ப்பல் சுரங்கம் என்று பெயர். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பு என்ற ஒற்றை நரம்பும் அதற்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. திருவிழாக் காலத்து டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் கயிறுபோல் உறுதியானவர்கள். பத்தாமவர் மட்டும் மென்மையானவர். நெரிசலில் நசுங்குவது அவர்தான்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பைச் சேர்ந்தது. சுண்டுவிரலுக்குப் போவது அல்நார் என்ற வேறொரு நரம்பு. அது இந்தச் சுரங்கத்துக்குள் நுழைவதில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கை நேராகவும் ஓய்வாகவும் இருக்கும்போது சுரங்கத்துக்குள் அழுத்தம் மிகக் குறைவு. புறங்கை மேல்நோக்கி மடங்கினாலும், உள்ளங்கை உள்நோக்கி மடங்கினாலும், அத்துடன் விரல்களால் இறுக்கிப் பிடித்தாலும் அது பல மடங்கு ஏறும். நரம்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்? 1981இல் முயலின் நரம்பில் செய்த சோதனையில், 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்திலேயே நரம்பிலுள்ள சிறு சிரைகளில் இரத்த ஓட்டம் தளரத் தொடங்குவது தெரியவந்தது.

இன்னொரு சிறு சோதனையை நீங்களே செய்யலாம். முழங்கையை மடித்து, கட்டைவிரல் கூரையைப் பார்க்கும்படி கையை நீட்டுங்கள். முன்கையின் ரேடியஸ், அல்னா எலும்புகள் இரண்டும் ஏறக்குறைய இணையாக இருக்கும் நிலை இது. இப்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். ரேடியஸ் எலும்பு அல்னாவின் மேல் குறுக்கே ஏறிக்கொள்ளும். மற்றொரு கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு செய்தால் அந்த முறுக்கலை உணரலாம். சாதாரண மவுஸைப் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் முன்கை இப்படி முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது.

மரக்கட்டையிலிருந்து சுறாத் துடுப்புவரை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தைக் கொண்டு, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டைதான். அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்ஃபிரான்சிஸ்கோவில் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்கள். 1970இல் காப்புரிமை கிடைத்தது. 1984இல் மெக்கின்டாஷ் கணினியுடன் அது பொதுமக்களின் மேசைக்கு வந்தது. இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. கையால் உருட்டும் டிராக்பால் மவுஸுக்கு மூத்தது. 1952இல் கனடா நாட்டுக் கடற்படைக்காகச் செய்தபோது, அதற்கு விளையாட்டுக்கு உருட்டும் பந்து ஒன்றையே பயன்படுத்தினார்களாம்!

ஆக, முதலிலிருந்தே மவுஸின் வடிவத்தைத் தீர்மானித்தது அதன் அடியிலிருந்த சக்கரம். மேலே வைக்கப்படும் கையைப் பற்றிய கவலை பிறகு வந்தது. 'எர்கோனாமிக்ஸ்' என்ற சொல் என்னவோ பழையதுதான். போலந்து நாட்டு அறிஞர் யாஸ்த்ஷெம்பொவ்ஸ்கி 1857இலேயே வேலை, விதி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உண்டாக்கிவிட்டார். தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். கையைத் திருப்பாமல் பிடிக்கும் நிமிர்ந்த மவுஸ்கள் இந்த நூற்றாண்டில்தான் பரவலாயின. லாஜிடெக் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒன்று 57 பாகை சாய்வுடையது.

அப்படியானால் என் தோள் ஏன் வலித்தது? காரணத்தை ஒரு தையற்காரரின் டேப்பினால் கண்டுபிடித்தேன். மையத்து மேசை 30 அங்குல உயரம். நான் அமரும் பிளாஸ்டிக் நாற்காலி 17 அங்குலம். நான் குள்ளம், அமர்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 25 அங்குலத்தில் நிற்கிறது. எனவே ஐந்து அங்குலம் மேலே இருக்கும் மவுஸை எட்டத் தோளைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். பழைய மவுஸின்போது தோளை முழுதும் தூக்காமல், மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிப் புறங்கையை மேலே மடக்கிச் சமாளித்தேன். நிமிர்ந்த மவுஸில் அப்படி மடக்க முடியாது. ஆகவே பாரம் முழுவதும் தோளுக்குப் போயிற்று. மவுஸின் மேல் தவறில்லை. அது மணிக்கட்டைக் காப்பாற்றி, மேசையைக் காட்டிக்கொடுத்தது.

பெருவிரல் வலிக்கு இரண்டு காரணங்கள். சாதாரண மவுஸில் பொத்தானை அழுத்தும் விசை கீழ்நோக்கிப் போகிறது. மேசை அதைத் தாங்குகிறது. நிமிர்ந்த மவுஸில் அந்த விசை பக்கவாட்டில் போகிறது. மவுஸ் நகர்ந்துவிடாமல் இருக்க எதிர்ப்பக்கத்திலிருந்து பெருவிரல் தாங்கவேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி என் பெருவிரலின் வழியாகச் செயல்பட்டிருக்கிறது! அத்துடன் என் கை சிறியது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை 16 செ.மீ.தான். நான் வாங்கியதோ பெரிய கைக்கு உரியது. விரல் நுனி எட்டாததால் இறுக்கிப் பிடித்தேன். வாங்கும்போது நிறத்தைப் பார்த்தேனே தவிர அளவைப் பார்க்கவில்லை. செருப்புக்கு அளவு பார்க்கிறோம், மவுஸுக்குப் பார்ப்பதில்லை.

ஆய்வுகள் காட்டுவது

விளம்பரங்களைப் படித்தால் இந்த மவுஸ் எல்லா வலியையும் தீர்க்கும் மருந்தோ என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்கள் அவ்வளவு தாராளமாகப் பேசுவதில்லை. கையில் நோய் இல்லாதவர்களின் கார்ப்பல் சுரங்கத்துக்குள் நுண்குழாயைச் செலுத்தி, மவுஸைப் பயன்படுத்தும்போதே அழுத்தத்தை அளந்த ஆய்வொன்று 1999இல் வெளியாயிற்று. மவுஸின் மேல் கையைச் சும்மா வைத்திருப்பதைவிட, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இழுக்கும்போது அழுத்தம் வெகுவாக ஏறிச் சுமார் 30 மில்லிமீட்டரைத் தொட்டது. மவுஸின் வடிவங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. எந்த வேலையைச் செய்கிறோம் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

வில்லனைப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அவன் இவன்தான். புகைப்படத்தை வெட்டுவதென்றால் பொத்தானை அழுத்திப் பிடித்து மூலையிலிருந்து மூலைக்கு இழுப்பது. கையொப்பத்துக்கும் அப்படியே. ஒரு விண்ணப்பத்துக்கு நாலைந்து இழுப்பு. சரியாக வராவிட்டால் மறுபடியும். கடைசி வாரத்தில் எத்தனை விண்ணப்பங்கள் என்று எண்ணவே இல்லை.

2015இல் வந்த மற்றோர் ஆய்வு கார்ப்பல் சுரங்க நோய் உடையவர்களையே வைத்துச் செய்யப்பட்டது. நிமிர்ந்த மவுஸ், கை சுண்டுவிரல் பக்கம் சாய்வதைக் குறைத்தது. ஜெல் திண்டு, புறங்கை மேலே மடங்குவதைக் குறைத்தது. ஆனால் இரண்டுமே சுரங்கத்தின் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. இதைப் படித்த அன்று என் எண்ணூறு ரூபாயை நினைத்து மனம் வாடியது உண்மை. மறுபக்கமும் உண்டு. டென்மார்க்கில் 6,900க்கும் மேற்பட்ட ஊழியர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸைப் பயன்படுத்தியவர்களிடம் கை மரத்துப்போகும் குறிகளுக்குத் தொடர்பு தெரிந்தாலும், கணினி வேலையால் இந்நோய் வருவது கடும் அபாயம் என்று சொல்லத்தக்க அளவில் இல்லை என்றே முடித்தார்கள். பயந்து கிடக்கவும் வேண்டாம். பொருளை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம்.

நான் செய்த மாற்றங்கள்

முதலில் நாற்காலி. மையத்தில் கூடுதலாகக் கிடந்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் ஒரு பழைய தலையணையை மடித்துப் போட்டு அமர்ந்தேன். ஐந்து அங்குலம் உயர்ந்துவிட்டேன். ஆனால் கால் தரையில் எட்டவில்லை. அருகில் ஏ4 காகிதக் கட்டுகள் இருந்தன. இரண்டை இழுத்துப் போட்டுக் கால் வைத்தேன். கடை அண்ணாச்சி பார்த்துவிட்டார். "காயிதத்துலயா கால வைக்க? படிக்கிற புள்ளதானா நீ?" என்று ஒரு சத்தம். உடனே எடுத்துத் தொட்டுக் கும்பிட்டு வைத்துவிட்டு, வெளியே கிடந்த இரண்டு செங்கற்களைக் கொண்டுவந்து போட்டேன். அண்ணாச்சியே மறுநாள் அவற்றின்மேல் ஒரு பலகையை வைத்துத் தந்தார்.

அடுத்து விசைப்பலகை. அதன் வலக்கோடியில் எண் விசைகள் இடத்தை அடைத்துக்கொண்டு மவுஸைத் தள்ளி வைக்கின்றன. பலகையை இடப்புறம் நகர்த்தி, எழுத்துகள் இருக்கும் பகுதி உடம்புக்கு நேராக வரும்படி வைத்தேன். மவுஸ் அருகே வந்தது. மேற்கை விலாவை ஒட்டித் தொங்கியது. மணிக்கட்டை ஓரிடத்தில் ஊன்றி முளையடித்த மாடுபோல அங்கேயே சுற்றாமல், முழங்கையிலிருந்து கையை நகர்த்தப் பழகினேன். இது வரப் பத்து நாளாயிற்று.

இழுக்கும் வேலைக்குத்தான் பெரிய விடிவு கிடைத்தது. அதற்குக் காசே செலவில்லை. விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் 'கிளிக்லாக்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், பொத்தானைச் சற்று அழுத்தி விட்டுவிடலாம். அழுத்திப் பிடித்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். இழுத்து முடித்தபின் மறுபடி ஒரு கிளிக். இரண்டாண்டாக அந்தக் கணினியிலேயே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. படிவத்தில் கட்டத்துக்குக் கட்டம் தாவ டேப் விசை போதும். படத்தின் அளவை இழுத்துக் காட்டாமல் எண்ணாகவே தட்டச்சுச் செய்யலாம். திரையை மேலும் கீழும் நகர்த்த மட்டும் சில நாள் பழைய மவுஸை இடக்கையில் வைத்துக்கொள்கிறேன். நிமிர்ந்த மவுஸை அண்ணாச்சியின் மகனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, என் கைக்கு ஏற்ற சிறியது ஒன்றை அவர் மூலம் வாங்கிக்கொண்டேன். இப்போது அது நன்றாகவே உழைக்கிறது. இத்தனைக்கும் பிறகுதான் அது தன் வேலையைச் செய்யத் தொடங்கியது எனலாம்.

அம்மாவின் கை

இதற்கிடையில் ஒருநாள் அரசு மருத்துவமனைக்குப் போனேன். துணைக்கு அம்மா வந்தார். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "எந்த விரல் மரத்துப்போகிறது?" எதுவும் மரக்கவில்லை, வலி மட்டுந்தான் என்றேன். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது நரம்பு அன்று, தசைநாண் அலுத்துப்போயிருக்கிறது. ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார்.

பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா விளையாட்டுப்போலத் தாமும் அப்படியே கைகளைச் சேர்த்துப் பார்த்தார். அரை நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு வலக்கையை உதறினார். மருத்துவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ராத்திரியும் இப்படி உதறுவீங்களாம்மா?" என்று கேட்டார். "தெனமுந்தான். ஒதறுனா செத்த நேரத்துல சரியாயிரும்" என்றார் அம்மா. எந்த விரல்கள் என்றதற்குப் பெருவிரலையும் அடுத்த இரண்டையும் தொட்டுக் காட்டினார். சுண்டுவிரலைத் தொடவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மா நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவதைப் பார்த்திருக்கிறேன். அது அம்மாவின் பழக்கம் என்றே எண்ணியிருந்தேன். எட்டு எலும்பு, ஒன்பது தசைநாண், ஒரு நரம்பு என்று எல்லாவற்றையும் ஒப்பித்த நான், ஒரே பாயில் படுத்துக்கொண்டு இதைப் பார்க்கவில்லை. ஈர இலையைக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து, விரல் நுனியால் இறுக்கிச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, இப்படி நாளொன்றுக்கு ஆயிரம். மணிக்கட்டு மடங்கியபடியே, விரல்கள் இறுகியபடியே. 1999ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு பொத்தானை அழுத்தியதற்கே 30 மில்லிமீட்டர்!

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளந்து, நரம்பு நசுங்கியிருப்பதை உறுதி செய்தார்கள். பெருவிரலடியிலுள்ள சதைமேடு வற்றாமல் இருப்பது நல்ல குறி என்றார்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்தார்கள், அவை இல்லை. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னார்கள். அதில் குறையாவிட்டால், சுரங்கத்தின் மூடியாகிய அந்தப் பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவை இருக்கிறதாம். தட்டைக் குறைக்கவும் சொன்னார்கள். ஆயிரத்தை அறுநூறாக்கினோம். குறைந்த கூலியை என் மாலைச் சம்பளம் ஈடு செய்கிறது. ஆகவே என் மணிக்கட்டின்மேல் இப்போது எனக்குக் கூடுதல் அக்கறை.

அம்மா பட்டை கட்டத் தொடங்கி நான்கு மாதமாகிறது. இரவில் உதறுவது வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. சென்ற மாதம் என் மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுமாரி கத்திரிக்கு ஒண்ணு வந்திருக்கான்னு பாரு" என்றார். தேடினேன். தையல் கத்தரிக்கும் செடி வெட்டும் கத்தரிக்கும் வளைந்த பிடிகள் இருக்கின்றன. பீடி இலைக் கத்தரிக்கு எங்கும் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபை நறுக்கிப் பிடியின் இரண்டு வளையங்களிலும் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் வெட்டினார். பெருவிரல் வளையத்தில் இருந்தது மொத்தமாகி இலை பிசகுகிறது என்று அதை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டார். மற்ற வளையத்தில் சுற்றியது இன்னும் இருக்கிறது.